மேடைக்கு மட்டும் வந்த கிருபை

அய்யாத்துரை மைக்கைப் பிடித்து, "இந்தா, முன் வரிசையில உக்காந்திருக்காளே என் சம்சாரம், இவ கையை நான்தான் ஒடிச்சேன்" என்று சொல்லும்போதெல்லாம் கூட்டம் ஸ்தோத்திரம் சொல்லும். போடியில் சொன்னான், சின்னமனூரில் சொன்னான், மலையேறிக் கேரளாவுக்குப் போய் நெடுங்கண்டத்தில் மலையாளத்திலும் சொன்னான். கை ஒடிந்ததற்கா ஸ்தோத்திரம் என்று சொர்ணலதாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒடித்தவன் திருந்தியதற்குத்தான் சொல்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால் எரிச்சல் குறைந்துவிடவில்லை.

உடனே பாஸ்டர் முத்துராஜா, "சிஸ்டர், கொஞ்சம் எழுந்து நில்லுங்க" என்பார். அவள் நிற்க வேண்டும். பின்னால் இருப்பவர்கள் கழுத்தை நீட்டி எந்தக் கை என்று தேடுவார்கள். ஆரம்பத்தில் ஒரு தடவை அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "பாருங்க, ஆனந்தக் கண்ணீர்" என்று பாஸ்டர் மைக்கில் அறிவித்தார். அன்றோடு அவள் அழுவதை நிறுத்திக்கொண்டாள்.

சொர்ணலதா போடி பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள். பழனிசெட்டிபட்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். இரண்டும் பரம்பரைக் கிறிஸ்தவ வீடு. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு ஷட்டர் இறங்கிவிடும். ஜெபம் பண்ணாமல் யாரும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். அந்த ஜெபத்துக்கு ஆமென் சொன்ன வாயோடுதான் அய்யாத்துரை குடிக்கப் போவான். மகள் மகிமா பிறந்த வருஷத்தில் அடி தொடங்கியது. மாமனார் இருந்தவரை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அடித்தான். அவர் போன பிறகு கதவைச் சாத்துகிற சிரமமும் அவனுக்கு இல்லாமல் போயிற்று.

கை ஒடிந்த அன்று, பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லும்படி புகுந்த வீட்டார் சொன்னார்கள். சொன்னாள். எலும்பு கோணலாகக் கூடிக்கொண்டது. போடியிலிருந்து அம்மாவும் அப்பாவும் ஒரு பை ஆரஞ்சுப்பழத்தோடு வந்து, "பொறுத்துப் போ. முழங்கால்ல நில்லு. கர்த்தர் பாத்துக்கிருவாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்கள்.

அவள் முழங்காலில் நிற்கத்தான் செய்தாள். ஆனால் என்ன ஜெபித்தாள் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. 'ஆண்டவரே, இந்த ஆளை எடுத்துக்கிருங்க. லாரியில அடிபட்டாலும் சரி, ஈரல் கெட்டாலும் சரி, உங்க இஷ்டம்.' இதுதான் அவள் ஜெபம். ஆமென் சொல்லிவிட்டு எழுந்து போய் மகிமாவுக்குப் பால் காய்ச்சுவாள்.

ஈரல்தான் கெட்டது. மஞ்சள் காமாலை முற்றி அய்யாத்துரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, தன் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்றே அவள் நினைத்தாள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இனி கடையை எப்படி நடத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பாஸ்டர் முத்துராஜா வந்தார். நோயாளியின் தலையில் கை வைத்து ஜெபித்தார். அய்யாத்துரை குலுங்கிக் குலுங்கி அழுதான். பிழைத்தான். குடியை விட்டான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். உண்மையாகவே விட்டான். அதற்குப் பிறகு ஒரு சொட்டு தொடவில்லை. அவள்மேல் கை வைக்கவில்லை. விடிந்ததும் வேதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஊரே அதிசயப்பட்டது. சொர்ணலதாவும் காத்திருந்தாள், தன்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்வான் என்று. அவன் சபையில் சொன்னான். கர்த்தரிடம் சொன்னான். அவளிடம் சொல்லவில்லை.

காத்திருந்து அலுத்துப் போய் ஒருநாள் இட்லி வைக்கும்போது அவளே கேட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"என்ன வார்த்தை?"

"மன்னிச்சுருன்னு."

அய்யாத்துரை சாந்தமாகச் சிரித்தான். திருந்திய பிறகு வந்த சிரிப்பு அது. "லதா, என் பாவத்தையெல்லாம் கர்த்தர் கடலுக்குள்ள போட்டுட்டாரு. நீ எதுக்கு முங்கி முங்கி எடுக்கிற?"

"நான் எடுக்கலை. மேடைக்கு மேடை நீங்கதான் எடுத்துக் காட்டுறீக. கடலுக்குள்ள கெடக்கிறது வீட்ல மட்டும் எப்படி மறந்து போகுது?"

அவன் சிரிப்பு நின்றது. "இது நீ பேசுற பேச்சில்ல. உன் வாயில பிசாசு பேசுது" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

இப்படியே வருஷங்கள் ஓடின. தான் திருந்திய கதையைச் சாட்சியாகச் சொல்ல அவன் ஊர் ஊராகப் போவான், அவள் கடையைப் பார்ப்பாள். ஆணியும் தாழ்ப்பாளும் விற்ற கடையைச் சொட்டுநீர்ப் பாசனக் கடையாக மாற்றியது அவள்தான். திராட்சைப் பந்தல்காரர்களும் வாழைக்காரர்களும் அனுமந்தன்பட்டியிலிருந்தெல்லாம் அவளைத் தேடி வந்தார்கள். வலது கையில் பிடிமானம் இல்லாததால் குழாய் அறுக்கும் ரம்பத்தை இடது கையால் பிடிக்கப் பழகிக்கொண்டாள். "கர்த்தர் எங்க கடையை ஆசீர்வதிச்சாரு" என்று அய்யாத்துரை மேடையில் சொல்வான். அதற்கும் ஸ்தோத்திரம்.

சாட்சி நாளுக்கு நாள் வளர்ந்தது. நடக்காத சிலது சேர்ந்துகொண்டது. நடந்ததில் சிலது அழகாகிவிட்டது. அதில் அவளுக்குத் தாங்கவே முடியாத இடம் ஒன்று உண்டு. "இவ ராத்திரி ராத்திரியா முழங்கால்ல நின்னு எனக்காகக் கண்ணீர் விட்டா. அந்தக் கண்ணீர்தான் என்னைக் காப்பாத்துச்சு" என்பான். சொல்லும்போது அவன் குரல் உடையும். பொய் சொல்கிறோம் என்று அவனுக்கே தெரியாது. அவள் என்ன ஜெபித்தாள் என்று அவன்தான் கேட்கவே இல்லையே.

போன வருஷம் ஒரு மத்தியானம் கடையில் இருந்தபோது கோயம்புத்தூரிலிருந்து மகிமா போன் செய்தாள். அங்கே நர்ஸாக இருக்கிறாள். வீட்டுக்கு வருவதே அபூர்வம்.

"அம்மா, அப்பா பேசுன வீடியோவைப் பாத்தியா?"

"எந்த வீடியோ?"

"சின்னப் பிள்ளையில நான் தண்ணி டிரம்முக்குள்ள ஒளிஞ்சது, பயத்துல பாவாடையை நனைச்சது, எல்லாத்தையும் சொல்லியிருக்காக. எம்பேரையும் சொல்லி, இங்கன நர்ஸா இருக்கேன்னும் சொல்லி. கூட வேலை பாக்கிறவ போனைக் கொண்டாந்து எங்கிட்டயே காட்டுறாம்மா. எவ்வளவு அருமையான சாட்சி, குடுத்து வச்சவ நீங்கிறா."

சொர்ணலதா கையிலிருந்த பில் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"அந்த டிரம்மைப் பத்தி எங்கிட்ட ஒரு தடவையாவது பேசியிருக்காகளாம்மா? ஒரே ஒரு தடவை?" என்று கேட்டுவிட்டு மகிமா போனை வைத்துவிட்டாள்.

அன்று அய்யாத்துரை வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்குள் சொர்ணலதா பிடித்துக்கொண்டாள்.

"அந்த வீடியோவை எடுக்கச் சொல்லுங்க."

"ஆத்துமாக்கள் ரட்சிக்கப்படுது லதா. எம்புட்டுப் பேரு அழுதுக்கிட்டே போன் பண்றாக தெரியுமா?"

"அவ உங்க மக."

"எம் மகளைப் பத்தி நான் சொல்லக் கூடாதா?"

"பயந்தது அவ. பயமுறுத்துனது நீங்க. அவ பயத்தை எடுத்துப் பேசிக் கைதட்டு வாங்குறதுக்கு உங்களுக்கு என்ன பாத்தியதை இருக்கு?"

அவன் ஜெப அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவள் பாஸ்டர் வீட்டுக்குப் போனாள்.

பாஸ்டர் முத்துராஜா கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கூட்டங்களுக்கு ஆள் சேருவது அய்யாத்துரையால் என்பது அவருக்குத் தெரியும். "கசப்பை வேர் விட விடாதீங்க சிஸ்டர். மன்னிக்காதவங்க ஜெபம் மேல ஏறாது" என்றார்.

"மன்னிப்புன்னு ஒண்ணு கேட்டாத்தானே பாஸ்டர் மன்னிக்கிறது?"

"இயேசு சிலுவையில தொங்குறப்ப, யாரும் கேக்காமலே மன்னிச்சாரே?"

"சரி. அவரு கையில ஆணி அடிச்சவனை அப்புறம் மேடையில ஏத்தி, ஆணி எப்படி எறங்குச்சுன்னு பேசச் சொன்னாகளா? அவரை முன் வரிசையில உக்கார வச்சு, எழுந்து நின்னு கையைக் காட்டுங்கன்னு சொன்னாகளா?"

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. ஜெபிச்சுக்கிறேன்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சனிக்கிழமை உபவாச ஜெபம். வரமாட்டேன் என்றுதான் சொர்ணலதா சொன்னாள். வராவிட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்று அய்யாத்துரை வற்புறுத்தினான். மகிமா பேச்சை எடுக்க மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தான். போனாள்.

கூட்டம் தொடங்குவதற்கு முன், கை கழுவுகிற இடத்தில் ஒரு பெண் வந்து அவள் பக்கத்தில் நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் கைக்குழந்தை. ஒரு கண் வீங்கி, ஓரத்தில் ரத்தம் கட்டியிருந்தது. உமாதேவி என்று பேர் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரரு சாட்சியைப் போன்ல பாத்தேன்க்கா. நீங்க எத்தனை வருஷம் பொறுத்தீக?"

"எதுக்குத்தா கேக்குற?"

"நானும் பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிரலாம்னு துணியெல்லாம் எடுத்து வச்சுட்டேன். அந்த வீடியோவைப் பாத்துட்டு நின்னுட்டேன்க்கா. நீங்க முழங்கால்ல நின்னு ஜெயிச்சீகன்னு சொன்னாகல்ல? எனக்கு இன்னும் எவ்வளவு நாள் ஆகும்?"

சொர்ணலதா குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவள் கண்ணைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அவள் கோபம் அய்யாத்துரை மேல் இருந்தது, பாஸ்டர் மேல் இருந்தது, ஸ்தோத்திரம் சொல்கிற கூட்டத்தின் மேல் இருந்தது. இப்போது தன் மேலேயே வந்தது. எழுந்து நில்லுங்க என்றதும் நின்றவள் தான்தானே. அப்படி நின்ற ஒவ்வொரு தடவையும் இவளைப் போல யார் யாரை எந்தெந்த வீட்டுக்குள் திரும்பத் தள்ளினோமோ என்று நினைத்தபடி குழாயை மூடினாள்.

"முன்னால வந்து உக்காரு" என்று மட்டும் சொன்னாள்.

அய்யாத்துரை சாட்சியைத் தொடங்கினான். கை ஒடித்த கதை வந்தது. ஸ்தோத்திரம் வந்தது. மகிமாவின் டிரம்மும் வந்தது. வாக்கு அவன் நாக்கில் நிற்கவில்லை. பாஸ்டர், "சிஸ்டர், கொஞ்சம் எழுந்து நில்லுங்க" என்றார்.

சொர்ணலதா எழுந்தாள். நிற்காமல் நடந்து மேடை ஏறினாள். அவளும் சாட்சி சொல்லப் போகிறாள் என்று நினைத்து அய்யாத்துரை சந்தோஷமாக மைக்கைக் கொடுத்தான்.

"எம்பேரு சொர்ணலதா. என்னைப் பத்தி இவுக எத்தனையோ தடவை பேசிட்டாக. நான் பேசினதில்ல. நான் இவுக திருந்தணும்னு ஜெபம் பண்ணவே இல்ல."

ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

"இவுக செத்துப் போகணும்னுதான் ஜெபம் பண்ணேன். கர்த்தர் அதைக் கேக்கல. பிழைக்க வச்சாரு. அது அவரு கிருபை, அதுல நான் குத்தம் சொல்லல. ஆனா பிழைச்சு வந்தவுக இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கல. எம் மககிட்ட கேக்கல. மேடைக்கு வர்ற கிருபை வீட்டுக்கு வர மாட்டேங்குது. அது என்ன கிருபை? குடிக்காம இருக்கச் சொல்லிக் குடுத்த கிருபை, கட்டுனவ முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் குடுக்கலையா?"

கீபோர்டு வாசிப்பவர் யாரோ கண்காட்டியதில் ஒரு பாட்டைத் தொடங்கினார். மைக் அணைந்தது. சொர்ணலதா மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் குரலை உயர்த்தினாள். கடையில் லாரிக்காரர்களை விரட்டிப் பழகிய குரல். கடைசி வரிசை வரை கேட்டது.

"இங்கன அடி வாங்குற பொம்பளைக இருந்தா கேட்டுக்கங்க. நான் பொறுத்ததுனால இவுக திருந்தல. நான் பொறுத்ததுல எங் கை போச்சு, எம் மக போனா. அடிச்சா வீட்டை விட்டு வெளிய போங்க. உசுரோட இருந்து ஜெபம் பண்ணுங்க. கர்த்தர் உங்க ஆத்தா வீட்லயும் இருக்காரு."

இறங்கி வெளியே நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது உமாதேவி குழந்தையோடு வந்து நின்றாள். 

"ஒங்க ஆத்தா வீடு எங்கன?"

"சுருளிப்பட்டி."

"வா, பஸ்ஸுக்குப் போவோம்."

சுருளிப்பட்டியில் உமாதேவியின் தாய் மகள் கண்ணைப் பார்த்துவிட்டு முதலில் அழுதாள். பிறகு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிரட்டும்மா. நாலு பேரு என்ன சொல்லுவாக?"

"அந்த நாலு பேருல ஒருத்தி நான். நான் சொல்றேன், உள்ள விடுங்க" என்றாள் சொர்ணலதா. அந்த அம்மாள் நகர்ந்து வழிவிட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குத் திரும்பினாள். அய்யாத்துரை முன்பே வந்திருந்தான். முகம் கறுத்துப் போயிருந்தது.

"ஊழியத்தைக் கெடுத்துட்டியேடி!" அவன் கை மேலே போனது. பல வருஷமாக மேலே போகாத கை.

சொர்ணலதா பின்னால் நகரவில்லை. "அடிங்க. அடுத்த சாட்சியில சேத்துக்கலாம்."

கை அங்கேயே நின்றது. அய்யாத்துரை நிமிர்ந்து தன் கையைத் தானே பார்த்தான். யாருடையதோ போல அதைக் கீழே இறக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அன்று அவன் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடச் சொல்லவில்லை.

மறுவாரம் பாஸ்டர் முத்துராஜா சபை மூப்பர்கள் இரண்டு பேரோடு வந்தார். சபைக்கு அவமானம் வந்துவிட்டது என்றார். சபைக்கு முன்னால் அவள் மன்னிப்புக் கேட்கும்வரை திருவிருந்து அப்பத்தில் அவளுக்குப் பங்கு இல்லை என்றார். அய்யாத்துரை பக்கத்து நாற்காலியில் தலை குனிந்திருந்தான்.

"ஒரே வாரத்துல வந்துட்டீகளே பாஸ்டர்" என்றாள் சொர்ணலதா. "நான் மன்னிப்புக் கேக்கணும்னா உங்களுக்கு உடனே தெரியுது. எங்க வந்து, யாருக்கு முன்னால கேக்கணும்னு கூடத் தெரியுது. இவுகளுக்கு மட்டும் இத்தனை வருஷமா யாரும் சொல்லிக் குடுக்கலையே, ஏன்?"

மூப்பர்கள் பாஸ்டரைப் பார்த்தார்கள். பாஸ்டர் அய்யாத்துரையைப் பார்த்தார். அய்யாத்துரை யாரையும் பார்க்கவில்லை. அவர்கள் காபி குடிக்காமலே கிளம்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகு மேடைக்கான அழைப்புகள் நின்றன. அய்யாத்துரை வீட்டுக்குள்ளேயே கிடந்தான். திரும்பக் குடிப்பான் என்று பக்கத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். குடிக்கவில்லை. ஒருநாள் அவள் எதிரிலேயே யாருக்கோ போன் போட்டு வீடியோக்களை எடுக்கச் சொன்னான். எதிர்ப்பக்கத்தில் ஏதோ சொல்லிப் பார்த்தார்கள். "எடுத்துருங்க பிரதர். அது என் மக விசயம்" என்று வைத்தான்.

அதன் பிறகு ஒருநாள் கடைக்கு வந்தான். அவள் குழாய் அறுத்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் நின்றான்.

"லதா. மன்னிச்சுரு."

ரம்பத்தை நிறுத்தாமல் அவள் கேட்டாள். "எதுக்கு?"

அவன் தடுமாறினான். மேடையில் அருவியாகக் கொட்டுகிறவனுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. "ஒடிச்சதுக்கு. அதை... அதைச் சொல்லிச் சொல்லிப் பேர் வாங்குனதுக்கு. உன்னை எழுந்து நிக்க வச்சதுக்கு."

அவள் ரம்பத்தை வைத்தாள். இத்தனை காலம் கேட்க விரும்பிய வார்த்தை வந்துவிட்டது. வந்ததும் மனசு குளிரும் என்று நினைத்திருந்தாள். மேலும் கோபம்தான் வந்தது. இவ்வளவுதானா? இதைச் சொல்வதற்கா இத்தனை வருஷம்?

"கேட்டுக்கிட்டேன்" என்றாள்.

"மன்னிச்சுட்டியா?"

"கேட்டுக்கிட்டேன்னுதான் சொன்னேன். நான் எம்புட்டுக் காலம் காத்துக் கெடந்தேன்? நீங்களும் காத்துக் கெடங்க. நாளைக்கு வந்து கடையைத் திறங்க."

"மகிமாகிட்ட..."

"அவளாக் கூப்பிடுற வரைக்கும் நீங்க போன் பண்ணக் கூடாது. நேர்ல போய் நிக்கவும் கூடாது. அவ அழுகையைப் பாக்கணும்னு உங்களுக்கு ஆசையிருந்தா அதையும் அடக்கிக்கங்க."

அவன் தலையாட்டினான். மறுநாள் வந்து ஷட்டரைத் தூக்கினான். அதிலிருந்து தினமும் வருகிறான். குழாய்க் கட்டுகளை ஏற்றி இறக்குகிறான். மகிமாவுக்குப் போன் பண்ணவில்லை. அவள் சொன்னதற்குக் கீழ்ப்படிந்து மகளிடம் பேசாமல் இருப்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதற்காக அவள் இரக்கப்பட்டுவிடவில்லை.

சபைக்குப் போவதை அவள் விடவில்லை. பின் வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்கார ஆள் வரவில்லை. திருவிருந்து நாள் வந்தது. தகுதியில்லாமல் பங்கெடுக்கக் கூடாது என்று பாஸ்டர் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் பேசினார். சொர்ணலதா தன்னை யோசித்துப் பார்த்தாள். ஒரு மனுஷன் சாகட்டும் என்று ஆண்டவரிடமே போய்க் கேட்டவள். இன்னும் மன்னிக்காதவள். மனசில் கோபம் கொஞ்சமும் இறங்காதவள். கோபம் தீர்ந்தவர்களுக்குத்தான் என்றால், நல்லவர்களுக்குத்தான் என்றால், அதற்குக் கிருபை என்று பேர் எதற்கு?

அப்பத்தட்டோடு பாஸ்டர் வரிசை வரிசையாக வந்தார். அவள் முன்னால் வந்ததும் தயங்கினார். அவள் கையை நீட்டினாள். அவர் அடுத்தவரிடம் நகரப் பார்த்தார். நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. தட்டு அவளைத் தாண்டுவதற்குள் ஒரு துண்டைத் தானே எடுத்துக்கொண்டாள். வரிசையில் சலசலப்பு எழுந்தது. அவள் வாயில் போட்டு, கண்ணை மூடாமல், பாஸ்டரைப் பார்த்தபடியே மென்று விழுங்கினாள்.

வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் மகிமாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

மகிமா சிரித்துவிட்டாள். "அப்ப கோவம் போயிருச்சாம்மா?"

"எங்கடி போகும்? கோவத்தோடதான் கையை நீட்டுனேன். அவரு குடுத்தாரு."

"பாஸ்டரா?"

"பாஸ்டரு எங்க குடுத்தாரு!"

 பிறகு மகிமா கேட்டாள்.

"அப்பா பக்கத்துல இருக்காகளா?"

"மாடியில துணி காயப் போடுறாக."

"நான் கேட்டேன்னு சொல்லாத."

"சொல்லல" என்றாள் சொர்ணலதா.